குண்டில் விழுந்த ஹவில்தார்

ஹவில்தார் சொரிமுத்துவின் மனைவி செல்வமணிக்கு அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த எரிச்சல் புதிது இல்லை. அதற்குப் பதினைந்து வயது ஆகிறது. அதுநாள்வரை பஸ்ஸிலும் மீன் கடையிலும் வாய்ப்பேச்சாகக் கிடந்த விஷயம் இப்போது அச்சில் ஏறப்போகிறது, அதுதான் புதிது.

வித்துராவிலிருந்து கல்லாறு போகிற ரோட்டில், அவர்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வாயனசாலை இருக்கிறது. கீழே ரப்பர் ஷீட் வாங்குகிற கடை, மாடியில் புத்தகங்களும் பேப்பர் படிக்கிற பெஞ்சுகளும். அதற்கு இந்த வருஷம் ஐம்பது நிறைகிறது. சுதந்திர தினத்தன்று விழா வைத்து ஒரு சுவனீர் போடுகிறார்கள். ஊரில் பெயரெடுத்த இருபது பேருக்கு ஆளுக்கு ஒரு பக்கம். செண்டை மாஸ்டர் ஒருவர், பாம்பு பிடிக்கிறவர் ஒருவர், பரீட்சையில் ரேங்க் வாங்கிய இரண்டு பெண்கள், இவர்களுக்கு நடுவே போரில் மெடல் வாங்கிய சொரிமுத்து. தப்பு இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று செக்ரட்டரி ஷிபு பக்கங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தான். மகள் ஆர்ஷா கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் ஹாஸ்டல், சனி ஞாயிறு வீடு. அவள்தான் மலையாளத்தைச் சத்தமாகப் படித்தாள்.

பாதிவரை நன்றாகத்தான் போயிற்று. எஸ்டேட் லயன் வீட்டில் பிறந்தார், பட்டாளத்தில் சேர்ந்தார் என்பதெல்லாம் சரியாக இருந்தது. அதற்கப்புறம் ஆர்ஷாவின் குரல் ஒரு மாதிரி இழுத்தது.

"கார்கில் யுத்தத்தினிடையில் குண்டில் வீணு காலினு பரிக்கேற்று. ரண்டு மெடல் கிட்டி."

போர் நடந்துகொண்டிருக்கும்போது இவர் ஒரு பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார், அதற்கு இரண்டு மெடல் கொடுத்தார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம். ஆர்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கி, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

குண்டு என்ற ஒரு வார்த்தைதான் இவ்வளவு பாடும் படுத்தியது. தமிழ்க்காரருக்குக் குண்டு என்றால் முதலில் துப்பாக்கியும் பீரங்கியும்தான் நினைவுக்கு வரும். மலையாளத்துக்காரருக்குக் குண்டு என்றால் பள்ளம். துப்பாக்கிக் குண்டை அவர்கள் வெடியுண்ட என்பார்கள். இரண்டு பாஷையும் அன்றாடம் புரள்கிற ஊரில் இதெல்லாம் தெரியாத ஆள் கிடையாது. தெரிந்தும் இந்தப் பிசகு நடந்தது என்பதுதான் செல்வமணியின் ஆற்றாமை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மறு வருஷம், கால் ஊனத்துக்காக பஸ் பாஸ் எடுக்க ஒரு சர்ட்டிபிக்கேட் வேண்டியிருந்தது. ஆபீஸில் கிளார்க் மலையாளத்தில் கேட்டார், இவர் தமிழில் பதில் சொன்னார். அந்த நேரம் பார்த்து செல்வமணி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் எழுதி, சீல் குத்தி, கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். "குண்டு விழுந்தது சார்" என்று இவர் சொல்லியிருப்பார், அந்த ஆள் "குண்டில் வீணு" என்று எழுதியிருப்பார், இவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று அவள் தீர்மானித்தாள். அடுத்த வாரம் நெடுமங்காடு பஸ்ஸில் கண்டக்டர் அந்தக் காகிதத்தை வாங்கி, பஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான். மெடல் வாங்கிய சொரிமுத்து போய், குண்டில் ஹவில்தார் ஆகிவிட்டார். மீன்காரிகூட "குண்டிலெ ஹவில்தாருக்கு நெத்திலியா சேச்சி?" என்று கேட்கிற நிலைமை.

செல்வமணி அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் ஒரு மலையாள எழுத்து தெரியாது. பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். மீன் கடையில் சண்டை போட்டுப் பேசக் கற்றுக்கொண்டாள். தன் புருஷனை நாலு பேர் எளக்காரமாகப் பேசுவதை இரண்டு பாஷையிலும் புரிந்துகொள்ளவா இத்தனை பாடுபட்டோம் என்று அவளுக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

அந்த மனுஷனுக்கோ ஒன்றும் உறைக்காது. சொரிமுத்து பிறந்தது மேலே போனக்காடு எஸ்டேட்டில். அப்பாவும் அம்மாவும் கொழுந்து கிள்ளினவர்கள். ஐந்தாவது வரை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ், அதன்பிறகு வித்துராவில் மலையாளம், பட்டாளத்தில் இந்தி. மூன்று பாஷை தெரிந்தும் எதிலும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பத்தொன்பது வயதில் பாங்கோடு பட்டாள முகாமில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எஸ்டேட் லாரியில் ஏறிப் போய், செருப்பில்லாத காலோடு ஓடிக் காட்டிச் சேர்ந்தவர். படிப்படியாக ஹவில்தார் ஆனார். கார்கில் சண்டையின்போது மகளுக்கு இரண்டு வயது. பக்கத்து வீட்டு போனுக்குத் தகவல் வந்தது: காலில் அடி, உயிருக்கு ஆபத்தில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்து, நாலு மாதம் கழித்து ஊன்றுகோலோடு லீவில் வந்து இறங்கினார்.

அன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். அம்பாசமுத்திரத்திலிருந்து செல்வமணியின் ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். எங்கே குண்டு பட்டது, எப்படிப் பட்டது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செல்வமணிதான் பதில் சொன்னாள். வேட்டியைக் கொஞ்சம் விலக்கி முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினாள். இவ்வளவு பெரிய குண்டு, இந்தப் பக்கம் பாய்ந்து அந்தப் பக்கம் வந்தது என்று கையால் அளந்தும் காட்டினாள். அவர் டீயைக் குடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் மெடல்கள் வந்தன. ஒன்று வீரச் செயலுக்கான சேனா மெடல். இன்னொன்று போரில் காயம்பட்டவர்களுக்குத் தருவது.

மெடல் வாங்கிய மனுஷனோடு குடித்தனம் நடத்துவது இருக்கிறதே, அதை யாரும் லேசாக நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். முந்தின நாளே கோட்டைத் தேய்த்து, மெடல் இரண்டையும் துடைத்து, நெஞ்சில் நேராகக் குத்தி அனுப்புவாள். திரும்பி வரும்போது ஒரு மெடல்தான் நெஞ்சில் இருக்கும். மற்றது சட்டைப் பையில். கேட்டால், கனமாக இருந்தது என்பார். அரை பிடி அரிசி கனம் இல்லாத மெடல் பட்டாளக்காரனுக்குக் கனக்கிறதாம். கழக்கூட்டத்தில் ஒரு பிளாட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னும் மோசம். இரண்டு வருஷம் கழித்துத்தான் அங்கே விஷயம் தெரிந்தது. குடியரசு தினத்துக்கு அவரைக் கொடியேற்றச் சொல்லி, சால்வை போட்டு, போட்டோ எடுத்து, கையோடு விருந்தாளிகளின் காரைப் பின்பக்கம் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். சால்வையோடு போய் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். இதைக் கேட்ட இரவு செல்வமணி சோறு போட்ட தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள்.

குண்டில் ஹவில்தார் விஷயத்திலும் அவர் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "போகட்டும் விடு." பதினைந்து வருஷமாக இந்த இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பெண்டாட்டியின் வாயை அடைக்கப் பார்த்தால் அவள் என்னதான் செய்வாள்?

சனிக்கிழமை அவர் பகல் ட்யூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் போனை நீட்டினாள். இந்த விவரம் ஷிபுவுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டாள். நான்தான் கொடுத்தேன் என்றார். எதைக் கொடுத்தீர்கள்? பஸ் பாஸ் சர்ட்டிபிக்கேட்டை. பெட்டியில் பட்டாளம் கொடுத்த இங்கிலீஷ் காகிதம் இருக்கிறதே, மெடல் எதற்கு என்று விவரமாக அடித்த காகிதம், அதைக் கொடுக்காமல் இந்தச் சனியனை ஏன் கொடுத்தீர்கள்? அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. நாலு நாள் இருந்தது. அச்சில் ஏறிவிட்டால் அது காலத்துக்கும் நிற்கும். இன்றைக்குச் சிரிக்கிறவர்கள் செத்துப்போன பிறகும், ஆர்ஷாவின் பிள்ளைகள் என்றைக்காவது அந்த வாயனசாலையில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், தாத்தா பள்ளத்தில் விழுந்து மெடல் வாங்கினார் என்றுதான் இருக்கும். இதை நினைக்க நினைக்கச் செல்வமணிக்கு நெஞ்சு எரிந்தது. இந்த ஒரு வரியை மாற்றாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வாயனசாலை மாடிப்படி ஏறினாள். ஷிபு ரப்பர் போர்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் மகன். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த சொத்து ஒன்று மட்டும்தான்: எதற்கும் ஒரு காகிதம் வேண்டும்.

"சேச்சி, ஞான் எழுதினதில்லை. சர்ட்டிபிக்கேட்டில உள்ளது அப்படியே எடுத்தது. மாத்தணுமெங்கில் வேற ரேகை வேணும்."

ரேகை என்றால் ஆவணம். திங்கட்கிழமை செல்வமணி பெட்டியைக் கவிழ்த்து இங்கிலீஷ் காகிதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு போனாள். ஷிபு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தான். எதிரியின் ஷெல்லடி நடந்துகொண்டிருந்தபோது ஹவில்தார் சொரிமுத்துவுக்குக் காலில் பலத்த காயம் ஏற்பட்டது, அப்படியும் தவழ்ந்து போய் மெஷின் கன்னைப் பிடித்து மூன்று மணி நேரம் சுட்டு, மேலே ஏறிக்கொண்டிருந்த தன் ஆட்களைக் காப்பாற்றினார் என்று அதில் இருந்தது. படித்ததும் ஷிபுவுக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது, எழுந்து நின்றான். ஆனால் நின்றுகொண்டே சொன்னான்: ஷெல்லடியின்போது காயம் என்றுதான் இருக்கிறது, ஷெல் பட்டுக் காயம் என்று இல்லையே. ஷெல்லடியின்போது பள்ளத்தில் விழுந்தாலும் இப்படித்தானே எழுதுவார்கள்?

செல்வமணிக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. தன் வயதையும், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்த நாலு பேரையும் நினைத்து அடக்கிக்கொண்டாள். அப்படியானால் ஹவில்தார் சேட்டனே நேரில் வந்து சொல்லட்டும், அவர் வாயால் சொன்னால் எழுதிவிடுகிறேன் என்று ஷிபு கைகழுவினான்.

அவரை அழைத்து வருவது தனிப்பாடு. செவ்வாய்க்கிழமை ஓவர்டைம் என்றார். புதன்கிழமை காலையில் கால் வலிக்கிறது என்றார். வலிக்கிற காலோடுதான் தினமும் கழக்கூட்டம்வரை பஸ்ஸில் போகிறீர்கள், நாலு வீடு தள்ளி நடக்க முடியாதா என்று இவள் பிடித்த பிடியில், சாயங்காலம் நாலரை மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். ஷிபு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். செல்வமணி புருஷனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஷிபு அந்த வரியைப் படித்துக் காட்டி, எப்படி மாற்ற வேண்டும் என்று கேட்டான்.

சொரிமுத்து திரையைப் பார்த்தார். "மாத்த வேண்டாம் ஷிபு," என்றார். "அந்தக் கிளார்க்கு தப்பா எழுதல. நான் சொன்னதத்தான் எழுதினாரு. வாசிச்சுப் பாத்துத்தான் ஒப்புப் போட்டேன்."

இந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா, நாலு நாளாகப் படி ஏறி இறங்கியதற்கு இதுதான் கூலியா என்று செல்வமணி ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படி நிறுத்தியதில்லை. அதனாலேயே அவள் நின்றாள்.

அவர் சொன்னது அதிகம் இல்லை. விடியற்காலை. மலையில் மேலே இருந்த பிளாட்டூனுக்கு மெஷின் கன் தோட்டாப் பெட்டிகள் போகவேண்டும். அதைச் சுமக்க அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போர்ட்டர்கள் வந்திருந்தார்கள். பட்டாளத்து ஆட்கள் இல்லை, கூலிக்குச் சுமக்கிறவர்கள். நெற்றியில் பட்டைக் கயிறு கட்டி முதுகில் பெட்டியைத் தொங்கவிட்டு ஏறுவார்கள். இவர் முன்னால், பின்னால் குலாம் என்று ஒரு போர்ட்டர். நாற்பது வயது இருக்கும். இவருக்கு மூச்சு வாங்கியது, நின்றார். பக்கத்தில், முந்தின நாள் ஷெல் விழுந்து தோண்டிய பள்ளம் ஒன்று. ஷெல் வருகிற சத்தம் இவருக்குக் கேட்கவில்லை. அந்த மலையிலேயே பிறந்தவனுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு கையாலும் இவரைப் பள்ளத்துக்குள் தள்ளினான். முதுகில் பெட்டி இருந்ததால் அவனால் குதிக்க முடியவில்லை.

"குண்டுல விழுந்தது நான். குண்டு விழுந்தது அவன் மேல," என்றார் சொரிமுத்து.

கால் எலும்பு பள்ளத்துப் பாறையில் மோதி இரண்டாக ஒடிந்தது. அதன்பிறகு தவழ்ந்தது, சுட்டது எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கிறபடிதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மெடலை நெஞ்சில் குத்திக்கொள்வதில் அவருக்குக் கூச்சமும் இல்லை. காயத்துக்குக் கொடுத்த மெடலைத்தான் குத்திக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு அதிகாரியிடம் குலாமைப் பற்றிச் சொன்னார். போர்ட்டர்கள் கணக்கு வேறு இடத்தில், விசாரிக்கிறேன் என்று அவர் குறித்துக்கொண்டு போனார். அப்புறம் இவரே இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள். செல்வமணிதான் கேட்டாள். "இத ஏன் என்கிட்ட ஒரு நாளும் சொல்லல?"

"நான் வந்து எறங்குன அன்னைக்கே நீ எல்லாருக்கும் சொல்லிட்ட," என்றார் அவர். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "எப்படி நடந்துச்சுன்னு என்ன நேரா பாத்துக் கேட்டது அந்தக் கிளார்க்கு ஒருத்தருதான். அதான் அவர்ட்ட சொன்னேன்."

இருபத்தாறு வருஷமாக அம்பாசமுத்திரத்திலும் வித்துராவிலும் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தான் கையால் அளந்து காட்டிய குண்டு ஒன்றொன்றும் செல்வமணிக்கு நினைவு வந்தது. இந்த மனுஷன் எல்லா இடத்திலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கதவைச் சாத்திக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதில் பாதி தன்மேல் என்று தெரிந்ததும் அது இன்னும் கூடிற்று.

ஷிபு மெல்லக் கனைத்தான். அப்படியென்றால் இருக்கிறபடியே விட்டுவிடலாமா, ஐந்தரைக்கு பிரஸ்ஸுக்கு அனுப்பவேண்டும் என்றான்.

"விடாத," என்றாள் செல்வமணி. "குலாம்ங்கிற போர்ட்டர் தள்ளிவிட்டதுனால குண்டில் வீணு உயிர் பிழச்சாரு, ஷெல் பட்டு குலாம் இறந்துட்டாருன்னு எழுது. அந்த ஆளு முழுப் பேரு என்னங்க?"

"தெரியாது."

"தெரியாதா?"

"குலாம் பாய்னுதான் கூப்பிடுவோம்."

உயிரைக் கொடுத்தவனின் பெயர்கூட முழுசாகத் தெரியாமல் இரண்டு கடிதம் எழுதினால் பதில் எங்கிருந்து வரும் என்று அவள் அங்கேயே ஒரு மூச்சு தீர்த்தாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஷிபு அதற்குள் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஆளுக்கு ஒரு பக்கம்தான். இந்த இரண்டு வரி சேர்ந்தால் பக்கம் தாண்டுகிறது. ஏதாவது இரண்டு வரியை எடுக்கவேண்டும். எதை எடுப்பது என்று மேலிருந்து படித்தான். பிறந்தது, படித்தது, பட்டாளத்தில் சேர்ந்தது, மெடல்கள், ஓய்வு. கடைசியில், மனைவி செல்வமணி, அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவர், இல்லத்தரசி. மகள் ஆர்ஷா, ஐ.டி. ஊழியர்.

செல்வமணி தன் பெயரை அச்சில் பார்த்ததே இல்லை. ரேஷன் கார்டிலும் ஓட்டர் பட்டியலிலும் இருப்பதை யாரும் அச்சு என்று சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை ஆர்ஷா அந்தப் பக்கத்தைப் படித்தபோது தன் பெயர் வருகிற வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள், அவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும்.

"கடசி ரெண்டு வரிய எடு," என்றாள்.

ஷிபு திரும்பி ஹவில்தாரைப் பார்த்தான். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்காமல் அலமாரியில் இருந்த புத்தக முதுகுகளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஷிபு எடுத்தான்.

படி இறங்கி ரோட்டுக்கு வந்தார்கள். பொன்முடிக்குப் போய்விட்டு வருகிற டூரிஸ்ட் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கடப்பதற்காக ஓரமாக நின்றார்கள். பேசாமல் இருக்கச் செல்வமணிக்குத் தெரியாது.

"அந்த ஆளுக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டாள்.

"மூணு. கடசிப் பொண்ணுக்கு நம்ம ஆர்ஷா வயசு. ஏறும்போது அதப் பத்தித்தான் பேசிட்டு வந்தோம்."

"மாடில வெச்சே இதச் சொல்லித் தொலைக்க என்ன?"

"நீ கேக்கல," என்றார் சொரிமுத்து.

அவரை ரோட்டோரத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு செல்வமணி திரும்பி நடந்தாள். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறும் வயது அவளுக்குப் போய்விட்டது. ஆனாலும் வேகமாகத்தான் ஏறினாள். கம்ப்யூட்டரை அணைக்கப் போன ஷிபு அவளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டான். குலாமுக்கு மூன்று பிள்ளைகள், அதில் ஒன்று கைப்பிள்ளை, அதையும் சேர்க்கவேண்டும் என்றாள். இனி ஒரு எழுத்துக்குக்கூட இடமில்லை சேச்சி என்று அவன் கெஞ்சினான்.

செல்வமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுத்தச் சின்னதாக்கு," என்றாள். "வேணுங்கிறவன் கண்ணாடி போட்டு வாசிக்கட்டும்."